குரங்குக் காய்ச்சலும் காட்டோரத்து உழைப்பாளியும்

(கட்சிக் கல்வி வகுப்பு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தோழர்களே,

குரங்குகளின் நடத்தை, காட்டின் சூழலியல், தொற்றுநோய் ஆகிய மூன்றையும் இணைத்து ஆராயும் அறிவியலைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். தொழிற்சங்கப் பணியிலும் விவசாயத் தொழிலாளர் சங்கப் பணியிலும் ஈடுபட்டிருக்கும் நமக்கு இது எதற்கு என்ற கேள்வி இங்குள்ள பலருக்கும் எழக்கூடும். நியாயமான கேள்விதான். அதற்கு விடை காண, நம் நாட்டிலேயே நடந்த, இன்னும் நடந்துகொண்டிருக்கிற ஒரு நிகழ்வை எடுத்துக்கொள்கிறேன். கர்நாடகத்தின் மலநாட்டில் 1957-இல் அடையாளம் காணப்பட்ட கியாசனூர் காட்டு நோயே அது. கன்னட மக்கள் அதனை மங்கன காயிலெ என்கிறார்கள். தமிழில் குரங்குக் காய்ச்சல்.

அந்தப் பெயரிலேயே ஒரு குற்றச்சாட்டு இருக்கிறது. நோயைக் கொண்டுவந்தது குரங்கு என்று அது சொல்கிறது. அறுபது ஆண்டுகளுக்கு மேலான ஆராய்ச்சி நமக்குக் கற்றுத்தருவது வேறு. இந்நோய்க்குக் குரங்கு முதற் பலி. காட்டின் ஓரத்தில் கூலிக்கு உழைப்பவர் அடுத்த பலி. இருவரையும் ஒரே இடத்தில் நோயின் முன்னால் நிறுத்தியது நிலத்தையும் காட்டையும் பயன்படுத்தும் முறை. இதனை நிறுவ முடியுமா என்று பார்ப்போம்.

காடு தந்த எச்சரிக்கை

1957-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அன்றைய மைசூர் மாநிலத்தின் ஷிமோகா மாவட்டம், சொரபா தாலுகாவில், கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்துக் கிடக்கும் செய்தி வெளிவந்தது. அதே காலத்தில் சுற்றுப்புறச் சிற்றூர்களில் கடுங்காய்ச்சல் பரவியிருந்தது. திடீரெனத் தோன்றும் காய்ச்சல், நெற்றிப்பொட்டில் தாங்கொணாத் தலைவலி, உடலெங்கும் தசைவலி, வாந்தி, சிலருக்கு மூக்கிலும் ஈறிலும் இரத்தக் கசிவு. தொடக்கத்தில் இதனைக் குடற்காய்ச்சல் என்றே கருதினர். குரங்கின் சாவையும் மனிதரின் காய்ச்சலையும் முதலில் இணைத்துப் பார்த்தவர்கள் அவ்வூர் மக்களே.

புனேயில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையும் சேர்ந்து 1952-இல் தொடங்கிய வைரஸ் ஆராய்ச்சி மையம் அங்கே விரைந்தது. அதுவே இன்றைய தேசிய நச்சுயிரியல் நிறுவனம். வந்தவர்களுக்குப் பெரும் அச்சம் ஒன்று இருந்தது. ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் காணப்படும் மஞ்சள் காய்ச்சல் ஆசியாவில் ஒருபோதும் உள்ளூரில் பரவியதில்லை. அதைப் பரப்பவல்ல கொசு இங்கே உண்டு. எதிர்ப்பாற்றல் உள்ள மக்கள் இல்லை. தென் அமெரிக்கக் காடுகளில் அந்நோய் முதலில் குரங்குகளைக் கொல்லும். ஆகவே, செத்த குரங்கைக் கண்டதும் மஞ்சள் காய்ச்சலோ என்று ஐயுற்றனர்.

ஆய்வின் முடிவு வேறாக இருந்தது. இறந்த குரங்குகளிலிருந்தும் நோயுற்ற மனிதரிலிருந்தும் புதிய வைரஸ் ஒன்று பிரித்தெடுக்கப்பட்டது. அது ரஷ்யாவின் வசந்தகால-கோடைகால மூளைக்காய்ச்சல் வைரஸின் உறவினம். அதைக் கடத்துவது கொசு அன்று; உண்ணி. குறிப்பாக, ஹீமாஃபைசாலிஸ் ஸ்பினிஜெரா என்னும் காட்டு உண்ணி.

உண்ணி, குரங்கு, கால்நடை

இந்த நோயின் இயக்கத்தைப் புரிந்துகொள்ள உண்ணியின் வாழ்க்கையைச் சற்றுப் பார்க்க வேண்டும். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு, அடுத்ததாக இளம்பருவம், இறுதியில் முதிர்ந்த உண்ணி என்று அதற்கு மூன்று பருவங்கள். ஒவ்வொரு பருவத்திலும் ஏதேனும் ஒரு விலங்கின் இரத்தத்தை ஒருமுறை உறிஞ்சிவிட்டு உதிர்ந்துவிடும். மழைக்காலம் முடிந்தபின் குஞ்சுகள் சருகுகளிடையே பெருகும். டிசம்பர் முதல் மே வரையிலான வறண்ட மாதங்களில் இளம்பருவ உண்ணிகள் மிகும். மனிதரைக் கடித்து நோயைத் தருவது பெரும்பாலும் இந்த இளம்பருவ உண்ணியே. அது மிகச் சிறியது. கடித்ததைப் பலர் உணர்வதேயில்லை.

காட்டு எலி, மூஞ்சூறு, அணில் போன்ற சிறு விலங்குகளிடையே இந்த வைரஸ் ஆரவாரமின்றிச் சுற்றிக்கொண்டிருக்கிறது. குரங்கின் உடலில் நுழையும்போது நிலைமை மாறுகிறது. அனுமன் மந்தி, நாட்டுக் குரங்கு ஆகிய இரண்டும் இந்நோய்க்கு ஆட்படுகின்றன. அவற்றின் இரத்தத்தில் வைரஸ் ஏராளமாகப் பெருகும். அப்போது அவற்றைக் கடிக்கும் உண்ணிக் குஞ்சுகள் வைரஸை ஏற்றுக்கொள்ளும். நோயுற்ற குரங்கு மரத்திலிருந்து இறங்கி, சோர்ந்து கிடந்து இறக்கிறது. உடல் குளிர்ந்ததும் அதன்மேல் இருந்த உண்ணிகள் அனைத்தும் சுற்றிலும் உதிர்கின்றன. சடலம் கிடந்த இடம் பல மாதங்களுக்கு நோய்க்களமாகிவிடுகிறது. சடலத்தைச் சுற்றிலும் பூச்சிமருந்து தூவ வேண்டும் என்னும் நடைமுறை இதிலிருந்து பிறந்ததே.

மனிதரிடமிருந்து மனிதருக்கு இந்நோய் தொற்றுவதில்லை. குரங்கிடமிருந்தும் பெரும்பாலும் உண்ணியின் வழியாகவே மனிதரை அடைகிறது. அப்படியானால், உண்ணிகள் இத்தனை பெருகியது எவ்வாறு? அங்கேதான் மூன்றாவது விலங்கு வருகிறது: மாடு. மாட்டின் இரத்தத்தில் இந்த வைரஸ் பெரிதாகப் பெருகுவதில்லை. ஆனால், முதிர்ந்த உண்ணிக்கு அது நல்ல விருந்தோம்பி. ஒரு பெண் உண்ணி வயிறு நிறைய இரத்தம் குடித்து உதிர்ந்தால் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். காட்டுக்குள் மேய்ச்சலுக்குச் செல்லும் மாடுகள் உண்ணிகளைப் பெருக்குகின்றன, வீட்டுக்கும் கொண்டுவருகின்றன.

கொலம்பியாவிலிருந்து வந்த பாடம்

இந்தத் தொடர்பைத் தெளிவாக எடுத்துரைத்தவர்களுள் முதன்மையானவர் ஹோர்ஹே போஷெல் என்னும் கொலம்பிய நாட்டு மருத்துவ அறிவியலாளர். 1930-களில் தம் நாட்டுக் காடுகளில் மஞ்சள் காய்ச்சலை ஆராய்ந்தபோது அவர் ஒன்றைக் கவனித்தார். மரவெட்டிகள் ஒரு பெருமரத்தை வீழ்த்தியதும், அதன் உச்சிக்கிளைகளில் வாழ்ந்த கொசுக்கள் மரத்தோடு கீழே வந்து தொழிலாளர்களை மொய்த்தன. உச்சியில் குரங்குகளிடையே சுற்றிக்கொண்டிருந்த நோய், கோடரியின் வழியே மனிதரை வந்தடைந்தது.

அதே கண்ணோடு அவர் ஷிமோகாவைப் பார்த்தார். 1969-இல் வெளியிட்ட ஆய்வுரையில் அவர் முன்வைத்த கருத்தின் சாரம் இது: வைரஸ் காட்டில் வெகுகாலமாகவே இருந்திருக்க வேண்டும். மக்கள்தொகை பெருகி, காடு திருத்தப்பட்டு, கால்நடைகள் உள்ளே மேய்ந்து, திருத்திய இடங்களில் புதர் மண்டியபோது, உண்ணிகளும் சிறு விலங்குகளும் பெருகின. அமைதியாக இருந்த சுழற்சி பெருக்கம் கண்டது. குரங்குகள் அதில் சிக்கின. அவற்றின் பின்னே மனிதரும் சிக்கினர். அங்கே காடழிந்த இடத்தில் மண்டிய புதர்களுள் ஒன்று லந்தானா. தமிழில் அதற்கு உண்ணிச்செடி என்றே பெயர்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது, தோழர்களே. அடர்ந்த காட்டின் நடுவிலும் இந்த ஆபத்து அவ்வளவாக இல்லை. காடே இல்லாத வெட்டவெளியிலும் இல்லை. காடும் தோட்டமும் மேய்ச்சலும் குடியிருப்பும் துண்டுதுண்டாக ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் ஓரங்களில்தான் அது மிகுகிறது. அண்மை ஆண்டுகளில் இந்திய, பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் சேர்ந்து உருவாக்கிய நோய் அபாய வரைபடங்களும் இதையே காட்டுகின்றன. பசுமைமாறாக் காடும் தோட்டப்பயிரும் கலந்து கிடக்கும், நாட்டு மாடுகள் மிகுந்த நிலப்பரப்புகளில் ஆபத்து கூடுதல்.

'வளர்ச்சியின் நோய்'

1982-83-இல் தென் கன்னட மாவட்டத்தின் பெல்தங்கடி தாலுகாவில் நிகழ்ந்தது இதற்குக் கொடிய சான்று. காட்டை வெட்டி முந்திரித் தோட்டம் அமைக்கும் பணி நடந்தது. குரங்குகள் இறந்தன. பின்னர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் நோயுற்றனர். நூறு பேரளவில் மாண்டனர். காட்டை வெட்டும் கூலி வேலைக்குச் சென்றவர்களும் விறகு பொறுக்கப் போனவர்களும் அவர்களில் முன்வரிசையில் இருந்தனர்.

மருத்துவ மானுடவியலாளர் மார்க் நிக்டர் இதனை நேரில் ஆராய்ந்து 1987-இல் எழுதிய கட்டுரையில் இந்நோயை 'வளர்ச்சியின் நோய்' என்று குறிப்பிட்டார். அவர் பதிவுசெய்த ஒரு செய்தி நம் கவனத்துக்கு உரியது. காடு வெட்டப்பட்டதால் அங்கே உறையும் பூதங்கள் சினங்கொண்டன, அதனால்தான் இந்தச் சாவுகள் என்று ஊர்மக்கள் பலர் நம்பினர். நாம் பகுத்தறிவாளர்கள், பூதத்தை ஏற்பதில்லை. எனினும், அந்த நம்பிக்கையின் உள்ளே சரியான ஒரு கவனிப்பு இருந்தது. காட்டை வெட்டியதற்கும் சாவுக்கும் தொடர்பு உண்டு என்பதை அம்மக்கள் அறிந்திருந்தனர். மக்களிடம் அறிவியல் பேசப் போகிறவர்கள் இத்தகைய கவனிப்பை எள்ளி ஒதுக்காமல், அதிலிருந்தே தொடங்க வேண்டும்.

நெடுங்காலம் சில தாலுகாக்களோடு நின்றிருந்த நோய், பின்னர் மேற்குத் தொடர்ச்சி மலை நெடுகிலும் தலைகாட்டியது. 2012-13-இல் சாமராஜநகர் மாவட்டத்தின் பந்திப்பூரில் அது தோன்றியது. அங்கே நோயுற்றவர்கள் யார்? செத்த குரங்குகளின் சடலங்களைக் கையாண்டு எரித்த வனப் பணியாளர்கள். அதே பருவத்தில் நீலகிரியின் முதுமலையிலும் கேரளத்தின் வயநாட்டிலும் இறந்த குரங்குகளில் வைரஸ் கண்டறியப்பட்டது. 2014-15-இல் வயநாட்டில் நூறு பேருக்கு மேல் நோயுற்றனர். பழங்குடி மக்களே பெரிதும் பாதிக்கப்பட்டனர். 2015-இல் கோவாவின் சத்தாரி தாலுகா. அடுத்த ஆண்டு மகாராஷ்டிரத்தின் சிந்துதுர்க் மாவட்டம். இந்த இரண்டு இடங்களிலும் முந்திரித் தோட்டத் தொழிலாளர்கள். 2018-19-இல் மீண்டும் ஷிமோகா, இம்முறை சாகர் தாலுகாவின் அரலகோடு வட்டாரம்.

உண்ணி யாரைக் கடிக்கிறது?

உண்ணிக்கு வர்க்கம் தெரியாது. ஆனால், ஜனவரி மாதத்தில் காட்டுச் சருகில் கைவைப்பவர் யார் என்பதை வர்க்கம் தீர்மானிக்கிறது.

மலநாட்டின் பாக்குத் தோட்டங்களுக்கு இலைதழையும் சருகும் உரமாக வேண்டும். அதற்கென்றே சொப்பின பெட்டா எனப்படும் தழைக்காடுகள் தோட்டங்களை ஒட்டி ஒதுக்கப்பட்டிருக்கின்றன. அங்கே சருகு கூட்டி, சுமந்து, தொழுவத்திலும் தோட்டத்திலும் பரப்புவது கூலித் தொழிலாளியின் வேலை. பெரும்பாலும் பெண்களின் வேலை. மழைக்காலத்துக்கு முன் விறகு சேர்ப்பதும், முந்திரி பொறுக்குவதும், மாடு மேய்ப்பதும் இதே வறண்ட மாதங்களில்தான். உண்ணியின் பருவமும் வேலையின் பருவமும் ஒன்றாகவே அமைந்துவிட்டன. வீட்டு வளாகத்தில் சருகுக் குவியல் வைத்திருப்பது நோய்க்கான அபாயத்தைக் கூட்டுகிறது என்று ஷிமோகாவில் நடந்த ஆய்வு ஒன்று கண்டது. காட்டுக்குப் போகாத முதியவரும் குழந்தையும் நோயுறுவது ஏன் என்பதற்கு இதில் ஒரு விடை உண்டு.

'காட்டுக்குள் போகாதீர்கள்' என்பதே நெடுங்காலமாக அரசின் முதல் அறிவுரை. எரிவாயு உருளைக்குப் பணமில்லாதவர் விறகுக்குப் போகாமல் என்ன செய்வார்? அன்றாடக் கூலியை விட்டுவிட்டு வீட்டில் இருந்தால் அடுப்பு எரியுமா? மாற்று ஏற்பாடு எதையும் தராமல் சொல்லப்படும் அறிவுரை, நோய்க்கான பொறுப்பை நோயாளியின் தலையிலேயே ஏற்றி வைக்கிறது.

சாகர் தாலுகாவையே பாருங்கள். சராவதி ஆற்றின் குறுக்கே 1964-இல் நிறைவுற்ற லிங்கனமக்கி அணைக்காகப் பல்லாயிரம் பேர் வேரோடு பெயர்க்கப்பட்டனர். மாநிலத்துக்கு மின்சாரம் கொடுத்த அந்தக் குடும்பங்களில் பலர் காட்டு நிலங்களில் குடியமர்த்தப்பட்டனர்; நிலப்பட்டாவுக்காக இன்றளவும் போராடிக்கொண்டிருக்கின்றனர். காட்டோரத்தில் மக்கள் வாழ்வது அவர்களாக விரும்பித் தேர்ந்ததன் விளைவு மட்டுமன்று என்பதை நோய்த்தடுப்புத் திட்டம் தீட்டுவோர் நினைவிற்கொள்ள வேண்டும்.

குரங்கை அறிவது எதற்கு?

இப்போது குரங்குகளின் நடத்தை பற்றிய ஆராய்ச்சிக்கு வருவோம். எந்த மரத்தில் அவை உறங்குகின்றன, ஒரு கூட்டம் எவ்வளவு தொலைவு சுற்றுகிறது, எந்தப் பருவத்தில் தரையிறங்குகிறது, தோட்டத்துக்கு ஏன் வருகிறது என்று குறித்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் ஒருவர் காட்டில் திரிவது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம்.

மலநாட்டுக்கு அருகிலுள்ள தார்வாரில் 1960-களின் தொடக்கத்தில் ஜப்பானிய ஆய்வாளர் யுகிமாரு சுகியாமா அனுமன் மந்திகளை ஆராய்ந்தார். பெண்மந்திகளைக் கொண்ட கூட்டங்கள் ஒருபுறம். பெண்கள் இன்றி ஆண்மந்திகள் மட்டும் திரளாகச் சுற்றும் குழுக்கள் மற்றொருபுறம். ஆண்குழுவினர் ஒரு கூட்டத்தைத் தாக்கித் தலைமை ஆணை விரட்டுவதையும், புதிய தலைவன் பழைய குட்டிகளைக் கொல்வதையும் அவர் பதிவுசெய்தார். உலக அளவில் விவாதம் எழுப்பிய கண்டுபிடிப்பு அது. நோயியல் நோக்கில் பார்த்தால் அதன் பொருள் எளிது: குரங்குக் கூட்டங்கள் மூடிய வீடுகள் அல்ல, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக்குவரத்து உண்டு. ஒரு கூட்டம் நோயில் அழிந்தால் அந்த இடம் வெற்றாகவே இருக்காது. நோயை முன்பு கண்டிராத குரங்குகள் அங்கே வந்து சேரக்கூடும். பிழைத்தவற்றுக்கு எதிர்ப்பாற்றல் இருக்கும். புதிதாகப் பிறந்தவற்றுக்கு இருக்காது. ஓரிடத்தில் ஓய்ந்த நோய் சில ஆண்டுகளுக்குப் பின் அங்கேயே திரும்புவதை விளக்க இத்தகைய அறிவு தேவை.

மற்றொரு சான்று நாட்டுக் குரங்கு. தீபகற்ப இந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத இனம் இது. மைசூர் பல்கலைக்கழகத்தின் மேவா சிங்கும் அவருடைய சகாக்களும் தென்னிந்தியச் சாலைகளில் மீண்டும் மீண்டும் கணக்கெடுத்து, 25 ஆண்டுகளில் அவற்றின் எண்ணிக்கை 65 விழுக்காட்டுக்கு மேல் சரிந்திருப்பதாக 2017-இல் வெளியிட்டனர். சாலைகளை அகலப்படுத்த வெட்டப்பட்ட ஆலமரங்களும் அரசமரங்களுமே அவற்றின் உணவும் உறைவிடமும். அவற்றை இழந்த குரங்குகள் வீட்டையும் வயலையும் நாடுகின்றன. பயிரிழக்கும் சிறுவிவசாயியின் கோபம் நியாயமானது. நாம் அதனை மறுக்கக் கூடாது. ஆனால், அந்தக் கோபத்தோடு நோயச்சமும் சேர்ந்துவிட்டால், குரங்கைக் கொல்வதே தீர்வு என்ற குரல் எழும்.

அதன் விளைவைப் பிரேசில் கண்டது. 2016 முதல் 2018 வரை அங்கே மஞ்சள் காய்ச்சல் பரவியபோது, குரங்குகளே நோயைப் பரப்புகின்றன என்று அஞ்சிய மக்கள் சில இடங்களில் அவற்றை அடித்தும் நஞ்சிட்டும் கொன்றனர். குரங்குகள் நோயைப் பரப்பவில்லை, நோய் வந்திருப்பதை அறிவிக்கின்றன என்று அந்நாட்டுச் சுகாதாரத் துறையினர் சொல்லிச் சொல்லி ஓய்ந்தனர். குரங்கு செத்து விழுவது நமக்குக் கிடைக்கும் முன்னறிவிப்பு. மனிதருக்கு நோய் வரும்முன் தடுப்பு வேலைகளைத் தொடங்க அது காலம் தருகிறது. குரங்குகளை அழித்துவிட்டால் அந்த எச்சரிக்கை போய்விடும். உண்ணியும் வைரஸும் இருந்துகொண்டேயிருக்கும்.

யாருக்கான அறிவியல்?

இந்த நோயின் வரலாற்றில் அரசியல் கேள்வி ஒன்றும் உண்டு. வைரஸ் ரஷ்ய நோயின் உறவினம் என்று தெரிந்ததும், சைபீரியாவிலிருந்து வலசை வரும் பறவைகள் அதைக் கொண்டுவந்திருக்குமோ என்ற கருதுகோள் எழுந்தது. சாலிம் அலியின் தலைமையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பறவைகளுக்கு வளையமிடும் பணியை மேற்கொண்டது. முதலில் உலக சுகாதார நிறுவனம் உதவியது. பின்னர் அமெரிக்க ராணுவத்தைச் சார்ந்த ஆய்வுத் திட்டம் ஒன்றின் நிதியும் வந்தது. உயிரியல் போர்முறைக்குப் பயன்படக்கூடிய தகவல்கள் நம் நாட்டிலிருந்து வெளியே போகின்றனவா என்ற ஐயம் 1970-களில் நாடாளுமன்றத்தில் எழுந்தது. ஜோதிர்மய் பாசு தலைமையிலான பொதுக் கணக்குக் குழு 1975-இல் தனது 167-ஆவது அறிக்கையில் இத்தகைய அந்நியக் கூட்டு ஆராய்ச்சிகளைக் கடுமையாக வினவியது.

பறவைகளை வளையமிட்ட அறிவியலாளர்களின் உழைப்பை இதற்காக இகழ வேண்டியதில்லை. வலசைப் பறவைகளைப் பற்றி நாம் இன்று அறிந்திருப்பதில் பெரும்பகுதி அவ்வுழைப்பால் கிடைத்தது. ஷிமோகா காடுகளில் உண்ணி சேகரித்த அந்நிய அறிவியலாளர்களும் நம் அறிவியலாளர்களும் பலர் நோய்வாய்ப்படும் ஆபத்தைத் தாங்கியே வேலை செய்தனர். எழுந்த கேள்வி வேறு: ஆராய்ச்சிக்கான பணத்தை யார் தருகிறார், எதை ஆராய வேண்டும் என்று யார் முடிவு செய்கிறார், அதன் பயன் யாருக்குப் போய்ச் சேருகிறது?

அந்தக் கேள்வியைத் தடுப்பூசியின் மீது வைத்துப் பாருங்கள். இந்நோய்க்குத் தனிப்பட்ட மருந்து கிடையாது. நோயுற்றவரைத் தாங்கிப் பராமரிப்பதே சிகிச்சை. நோயுற்றவர்களில் 100-க்கு 3 முதல் 5 பேர் வரை இறக்கின்றனர். ஆகவே தடுப்பூசி உயிர்நாடியானது. கர்நாடக அரசு நிறுவனம் ஒன்று பழைய முறையில் தயாரித்த தடுப்பூசி பல ஆண்டுகள் புழக்கத்தில் இருந்தது. 2005 முதல் 2010 வரையிலான தரவுகளை ஆராய்ந்தபோது, இரண்டு தவணைக்கு 62.4 விழுக்காடு, ஊக்கத் தவணையும் சேர்ந்தால் 82.9 விழுக்காடு பாதுகாப்பு என்று தெரிந்தது. வலி மிகுந்த ஊசி அது. பல தவணைகள் போட வேண்டும். கூலியை விட்டு வர வேண்டும். அதனால் எல்லாத் தவணைகளையும் முடித்தவர்கள் குறைவு. இறுதியில் தரச்சோதனையில் ஆற்றல் குன்றியது தெரிந்து, 2022-இல் அது நிறுத்தப்பட்டது. புதிய தடுப்பூசியை உருவாக்கும் பணி அதன்பிறகே வேகம் பெற்றது.

நோய் கண்டறியப்பட்டது 1957-இல். இத்தனை ஆண்டுகளில் நம்பகமான ஒரு தடுப்பூசியை உருவாக்கும் அறிவு நம் நாட்டுக்கு இல்லாமற் போயிற்றா? கோவிட் காலத்தில் ஓராண்டுக்குள் தடுப்பூசி தயாரித்த நாடு இது. குறை அறிவில் இல்லை. விறகு பொறுக்கும் பெண்ணும் முந்திரித் தொழிலாளியும் பழங்குடி மனிதரும் மருந்துச் சந்தைக்கு வாடிக்கையாளர்கள் அல்லர். சில நூறு பேருக்கு மட்டும் ஆண்டுதோறும் வரும் நோயில் இலாபம் இல்லை. இலாபம் இல்லாத இடத்தில் பொதுத்துறை நின்றாக வேண்டும். அங்கே அது தளர்ந்தால் இழப்பு உயிர்களாகவே கணக்கிடப்படும்.

நம் முன் உள்ள பணிகள்

தோழர்களே, இவற்றிலிருந்து நாம் எடுக்க வேண்டிய கோரிக்கைகளைத் தொகுத்துச் சொல்கிறேன்.

முதலாவது, எச்சரிக்கை. காட்டோரச் சிற்றூர்களில் இறந்த குரங்கைக் கண்டால் தொடாமல், சுகாதாரத் துறைக்கும் வனத்துறைக்கும் உடனே தெரிவிக்கும் பழக்கத்தை நம் சங்கங்கள் பரப்ப வேண்டும். சடலத்தைக் கையாளும் வனக்காவலருக்கும் தற்காலிகத் தொழிலாளருக்கும் கையுறை, காலணி, பாதுகாப்பு உடை, காப்பீடு ஆகியவை தரப்பட வேண்டும். பந்திப்பூரில் நிகழ்ந்தது மீண்டும் நிகழக் கூடாது.

இரண்டாவது, பணியிடப் பாதுகாப்பு. உண்ணி விரட்டி எண்ணெயும் முழுக்கை உடையும் தொழிலாளி தன் கூலியில் வாங்க வேண்டியவை அல்ல. தோட்ட உரிமையாளரும் அரசும் தர வேண்டியவை. தோட்டத்திலும் காட்டு வேலையிலும் தொற்றும் இந்நோயைத் தொழில்சார் நோயாக ஏற்று, இழப்பீடும் நோய்க்கால ஊதியமும் வழங்க வேண்டும். நம் தொழிற்சங்கங்கள் எடுத்து நடத்த வேண்டிய கோரிக்கை இது.

மூன்றாவது, மருத்துவம். நோயறியும் சோதனை தாலுகா அளவில் கிடைக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவர் பணியிடம் காலியாகக் கிடந்தால், எந்த ஆராய்ச்சியும் நோயாளிக்கு உதவாது. ஆஷா ஊழியர்களே முதலில் காய்ச்சலைக் காண்பவர்கள். அவர்களுக்குப் பயிற்சியும் உரிய ஊதியமும் வேண்டும். புதிய தடுப்பூசி பொதுத்துறைப் பொறுப்பில், இலவசமாக, தொடர்ச்சி அறாமல் கிடைக்க வேண்டும்.

நான்காவது, நிலம். காட்டை வெட்டித் தோட்டமோ சாலையோ சுரங்கமோ அமைக்கும்முன், அதனால் எந்த நோய் யாரைச் சேரும் என்ற மதிப்பீடு செய்யப்பட வேண்டும். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் கிராம சபைக்குத் தந்திருக்கும் அதிகாரம் இங்கே பயன்பட வேண்டும். காட்டை அறிந்த மக்களின் கையில் உரிமை இருந்தால், அதன் ஓரங்களை எப்படிக் காப்பது என்பதையும் அவர்களோடு பேசி முடிவு செய்யலாம்.

ஐந்தாவது, அறிவியல். குரங்குக் கூட்டங்களையும் உண்ணிகளையும் ஆண்டு முழுவதும் கவனிக்கும் நிலையான களநிலையங்கள் தேவை. நோய் பரவும்போது மட்டும் வந்து, செய்தி ஓய்ந்ததும் திரும்பும் குழுக்களால் இது முடியாது. அந்நிலையங்களில் உள்ளூர் இளைஞர்களுக்கு, குறிப்பாகப் பழங்குடி இளைஞர்களுக்கு, நிரந்தர வேலை கொடுக்க வேண்டும். தடம் பார்த்து விலங்கை அறியும் அவர்களின் திறனுக்கு எந்தப் பல்கலைக்கழகமும் ஈடாகாது. அந்தத் திறனை நாட்கூலிக்கு வாங்கி, ஆய்வுக்கட்டுரையில் பெயரைக் கூடக் குறிப்பிடாமல் விடுவதும் சுரண்டலே.

உலகெங்கும் இதே பாடம் திரும்பத் திரும்ப வருகிறது. மலேசியாவின் சபா மாநிலத்தில் காடழிந்து செம்பனைத் தோட்டங்கள் பரவிய இடங்களில், குரங்குகளிடம் இருந்த மலேரியா வகை ஒன்று தோட்டங்களிலும் பண்ணைகளிலும் உழைப்பவரிடம் பெருகியது. அங்கும் குரங்கைக் குற்றவாளியாக்குவது எளிது. தோட்ட முதலாளியைக் கேள்வி கேட்பது கடினம்.

அடுத்த வறண்ட பருவம் தொடங்க இன்னும் சில மாதங்களே உள்ளன. காட்டோர வட்டாரங்களில் பணியாற்றும் தோழர்கள் இந்தச் செய்தியை அதற்குள் ஒவ்வொரு கிளைக்கும் கொண்டுசெல்ல வேண்டும். டிசம்பர் மாதம் சருகு கூட்டப் போகும் தொழிலாளியின் கையில் உண்ணி விரட்டி எண்ணெய் இருக்கிறதா, அவருடைய ஊர் சுகாதார நிலையத்தில் மருத்துவர் இருக்கிறாரா என்ற இரண்டு கேள்விகளிலிருந்து நம் வேலையைத் தொடங்கலாம்.